கைகளின் நினைவு: மறதி நோயும் கைத்தொழிலும், ஒரு வரலாற்றுப் பார்வை



மறதி நோய் கண்ட பெற்றோரைக் கட்டிலில் அமர்த்தி, "இனி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்வதையே நம் குடும்பங்கள் மரியாதை எனக் கருதுகின்றன. அம்மாவின் கையில் ஊசியும் நூலும் இருந்தால், "இந்த நிலையிலும் வேலை வாங்குகிறார்களே" என்று உறவினர் பேசுவார்களோ என்னும் அச்சமும் உண்டு. நோக்கம் நல்லதுதான். ஆயினும் கையிலிருந்த வேலையை எடுத்துவிடும்போது, அம்மனிதரிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரம் கைகளால் வாழ்ந்த வட்டாரம். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிய கைகள், காலணியின் மேல்தோலை வீட்டுத் திண்ணையில் தைத்த கைகள், பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரித்த கைகள் நம் வீடுகளில் முதுமை அடைந்துள்ளன. அக்கைகளுக்கு வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அறிந்திருந்த பின் ஒன்றும் அறியாதவராகிவிடும் தள்ளாத பருவத்தைப் பற்றி அருள்மறையின் அந்நஹ்ல், அல்ஹஜ் அத்தியாயங்கள் குறிப்பிடுகின்றன. ஆகவே முதுமையின் மறதி நம் முன்னோருக்குப் புதிதன்று. அதை மூளையின் நோயாக மருத்துவ உலகம் அறிந்துகொண்டதுதான் பிற்காலச் செய்தி. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் 1901-இல் ஐம்பத்தோரு வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், அப்பெண் இறந்த 1906-ஆம் ஆண்டிலேயே அவருடைய மூளையில் கண்ட மாற்றங்களை மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். 1910-இல் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்ஸைமர் பெயரையே சூட்டினார்.

மனம் தளர்ந்தவரைக் கட்டிப் போடாமல், புலன்களுக்கும் கைகளுக்கும் இதமான ஈடுபாடு அளிக்கும் வழக்கம் இதைவிடப் பழையது. டமாஸ்கஸில் நூருத்தீன் 1154-இலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இலும் நிறுவிய பீமாரிஸ்தான்கள் புகழ்பெற்ற மருத்துவமனைகள். எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-இல் கட்டி முடித்த மருத்துவமனையில் மனநோயாளருக்கு இசை கேட்பித்ததையும், முகர்ந்து மகிழ மலர்கள் அளித்ததையும் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதி வைத்தார். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796-இல் திறக்கப்பட்ட இல்லத்தில் தையலும் தோட்ட வேலையுமே மருந்தாக மதிக்கப்பட்டன. இந்தியாவில் தொழில்வழிச் சிகிச்சைக்கான பயிற்சியைக் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார்.

நம் அருகிலுள்ள பாகாயத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. நோயாளியைத் தனியே அடைக்காமல், குடும்பத்தாரும் உடன் தங்கிப் பராமரிக்கக் கற்கும் முறையை முன்னெடுத்த இந்திய நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. வீட்டாரே முதல் பராமரிப்பாளர் என்னும் எண்ணம் அங்கு நடைமுறையாயிற்று.

பேரனின் பெயரை மறந்தவர் ஊசியில் நூல் கோப்பது எப்படி? 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்யப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையும் பயிற்சியை அவருக்கு அளித்தார். முந்தைய நாள் பயின்றதே நினைவில்லாத அவருடைய கை, நாளுக்கு நாள் தேறியது. 1962-இல் வெளியான இம்முடிவு, நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்பதைக் காட்டிற்று. அல்ஸைமர் நோய் முன்னதைத்தான் முதலில் தாக்குகிறது. பின்னது பெரும்பாலும் நெடுநாள் தங்கி, நோய் முற்றும்போதே தளர்கிறது.

இந்த அறிவைக் கைவேலையாக மாற்றிய முறைக்குத் தமிழகத்தோடு ஒரு தொடர்பு உண்டு. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதப் பயிற்சிக்காக வந்தவரைப் போர் தடுத்து நிறுத்த, 1946 வரை இந்தியாவில் தங்கினார். கொடைக்கானலிலும் பள்ளி நடத்தினார். பொத்தான் பூட்டுதல், துணி மடித்தல், நீர் ஊற்றுதல் என அன்றாடச் செயல்களையே அவர் பாடமாக்கினார். பொம்மைக்குப் பதில் உண்மைப் பொருள், நீண்ட விளக்கத்துக்குப் பதில் செய்து காட்டுதல், ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல் ஆகியவை அவருடைய வழிகள். 1990-களில் அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் இம்முறையை மறதி நோயாளருக்கு ஏற்றவாறு அமைத்தார். குழந்தைகளுக்கான கல்வி இவ்வாறு முதியோரிடம் சென்று சேர்ந்தது.

1998-இல் கொச்சியில் கூடிய அல்ஸைமர் மாநாட்டின்போது 10/66 என்னும் ஆய்வுக் குழு உருவாயிற்று. வளரும் நாடுகளில் வாழ்வோர் மறதி நோயாளருள் மூன்றில் இரு பங்கு (66 விழுக்காடு); அவர்களைப் பற்றிய ஆய்வோ பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. பெயரின் பொருள் இதுவே. அக்குழு இந்தியாவில் தேர்ந்த இரு களங்களுள் நகர்ப்புறத்துக்குச் சென்னையும், கிராமப்புறத்துக்கு வேலூரின் கணியம்பாடி வட்டாரமும் அமைந்தன. அங்கு 65 வயது கடந்த ஆயிரம் பேர் ஆராயப்பட்டனர். இங்கிலாந்தில் உருவான, பதினான்கு அமர்வுகள் கொண்ட அறிவுத் தூண்டல் பயிற்சியைச் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்தார் தமிழ்ச் சூழலுக்கு மாற்றியமைத்து, 2017-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நாட்டில் அறுபது வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து நம் வீடுகள் பெறத்தக்கவை சில. முதலாவது, வேலை அவருடைய பழைய வாழ்விலிருந்து வர வேண்டும். மேல்தோல் தைத்தவருக்கு, முன்பே துளையிட்ட மெத்தென்ற தோல் துண்டும் கோப்பதற்கு ஒரு வாரும் போதும். பீடி சுற்றியவருக்குப் புகையிலை வேண்டியதில்லை. காகிதத்தை அளவாக வெட்டிச் சுருட்டக் கொடுக்கலாம். துப்பட்டி மடித்தல், பூத் தொடுத்தல், மொச்சை உரித்தல் யாவும் கைத்தொழிலே. இரண்டாவது, பேச்சைக் குறைத்து, அருகில் அமர்ந்து நாமும் செய்ய வேண்டும். மூன்றாவது, தையல் கோணினாலும் பிரித்துத் திருத்தலாகாது; அவர் கண்முன்னே குப்பையில் போடவும் கூடாது. கூரிய கத்தி, தோல் ஒட்டும் சொல்யூஷன், விழுங்கக்கூடிய சிறு மணிகள் ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். சலித்தால் நிறுத்திவிட வேண்டும்; கூலிக்காகவோ கணக்குக்காகவோ வேலை வாங்குவது அநீதி.

கைவேலை இந்நோயைத் தீர்க்காது. அமைதியின்மையைத் தணித்து, ஒரு பகல் பொழுதைப் பொருளுள்ளதாக்க அது உதவும். மருத்துவரிடம் செல்வதற்கு அது மாற்றும் அன்று.

அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமைகளின் சுமை இல்லை என்பது நாம் அறிந்த சட்டம். தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறியவரைக் கடிந்துகொள்வதற்கு நமக்கு உரிமை இல்லை. ஆனால் சுமை நீங்கியது என்பதால் கண்ணியம் நீங்கிவிடவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அண்ணலார் இழிவாக எண்ணாத கைவேலை, நம் பெற்றோருக்கு எவ்வாறு இழிவாகும்? ஆகவே உறவினரின் பேச்சுக்கு அஞ்சி அவர்தம் கைகளை வெறுமையாக்க வேண்டியதில்லை.

அந்தக் கைகள் உழைத்துத்தான் நாம் ஓதினோம், உண்டோம். அவற்றுக்கு இன்று ஒரு நூலையும், நம் நேரத்தில் அரை மணியையும் அளிப்போம். வல்ல இறைவன் நம் பெற்றோர் மீது அருள் புரிவானாக, ஆமீன்.