30 டிகிரி கடலிலும் குளிருமா? முக்குளிக்கும்போது உடல் சூட்டுக்கு என்ன ஆகிறது?

பத்து ஃபெரிங்கி கடலில் கால் நனைத்திருப்பீர்கள். தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். பினாங்கைச் சுற்றியுள்ள கடல் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. "இதுல எங்க குளிரப் போகுது?" என்று தோன்றும். ஆனால் இதே கடலில் ஒரு மணி நேரம் முக்குளித்துவிட்டுப் படகேறுபவர், நல்ல வெயிலிலும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கலாம்.

இது வெறும் அசௌகரியம் இல்லை. 2019 ஜனவரியில் பினாங்குப் பாலத்திலிருந்து ஒரு கார் கடலில் விழுந்தபோது, மீட்புப் படை முக்குளிப்பாளர்கள் கலங்கிய நீரில் அதைத் தேட வேண்டியிருந்தது. அத்தகைய வேலையில் கைவிரல் மரத்துப்போனாலோ யோசனை மந்தமானாலோ உயிருக்கே ஆபத்து.

காற்றிலும் 29, நீரிலும் 29: என்ன வித்தியாசம்?

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 29 டிகிரி காற்றில் நமக்கு வியர்க்கும். அதே 29 டிகிரி நீரில், நம் 37 டிகிரி உடலிலிருந்து சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். சும்மா மிதக்கும் ஒருவர் சூட்டை இழக்காமலிருக்க, நீர் சுமார் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும்.

உடல் எப்படிச் சமாளிக்கிறது?

மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ்தான் உடலின் தெர்மோஸ்டாட். தோல் குளிர்ந்தால் அது இரண்டு வேலைகளைச் செய்யும்.

முதலில், தோலுக்கும் கை கால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சூடான ரத்தம் இதயம், நுரையீரல் பக்கம் ஒதுங்கும். "ரத்தம் அதிகமாயிடுச்சு" என்று உடல் தவறாக நினைத்துச் சிறுநீரை அதிகமாக்கும். முக்குளிக்கும்போது அடிக்கடி சிறுநீர் முட்டுவதற்கு இதுவும் காரணம்.

அது போதாவிட்டால் நடுக்கம் வரும். தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து சூட்டை உண்டாக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதைத் தாழ்வெப்பநிலை என்கிறோம். பேச்சு குழறும், முடிவெடுப்பது தடுமாறும்.

ஆழம் போகப் போக என்ன மாறுகிறது?

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். 30 மீட்டரில் நான்கு மடங்கு. வெட்சூட் துணியிலுள்ள சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள்தான் சூட்டைப் பிடித்துவைக்கின்றன. அழுத்தத்தில் அவை நசுங்கும். உடை மெலிந்து, பாதுகாப்பும் குறையும். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று அடர்த்தியாகவும் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் அதைச் சூடாக்க உடல் கூடுதலாக உழைக்கும்.

வெப்பமண்டலக் கடலும் திடீரென்று மாறலாம். பினாங்குக்கு வடமேற்கே அந்தமான் கடலில், நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய உள் அலைகள் ஓடுகின்றன. அவை ஆழத்துக் குளிர்நீரை மேலே தள்ளுவதால், தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் சில நிமிடங்களிலேயே பல டிகிரி இறங்கிவிடும்.

கடலடி எண்ணெய்க் குழாய்களில் வேலை செய்வோர் நிலைமை இன்னும் கடினம். அவர்கள் சுவாசிக்கும் கலவையிலுள்ள ஹீலியம், காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் கப்பலிலிருந்து குழாய் வழியே வெந்நீர் அனுப்பி அவர்கள் உடைக்குள் ஓடவிடுகிறார்கள். மிக ஆழத்தில் சுவாசிக்கும் வாயுவையும் சூடாக்க வேண்டும்.

பழகினால் உடல் மாறுமா?

கொஞ்சம் மாறும். தென் கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்கள், ஒரு காலத்தில் பருத்தி உடையோடு குளிர்காலக் கடலில் இறங்கினார்கள். குளிர்காலத்தில் அவர்கள் உடல் ஓய்விலேயே அதிகச் சூட்டை உற்பத்தி செய்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். 1970களில் வெட்சூட் வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தத் திறன் மறைந்துவிட்டது. மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் வெறும் உடம்போடு முத்துக் குளித்தார்கள். ஆனால் அங்கே கடல் சூடு. அதுவும் அமைதியான மார்ச், ஏப்ரல் மாதங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

குளிருக்கும் 'பெண்ட்ஸ்' நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஆழத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். மேலே வரும்போது அது வெளியேற வேண்டும். கீழே உடல் சூடாக இருந்து, ஏறும்போது குளிர்ந்துவிட்டால், சுருங்கிய ரத்தக் குழாய்களால் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். குமிழ் உருவாகும் ஆபத்து கூடும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் இருந்தால் தாமதிக்காதீர்கள். இதற்கான அழுத்த அறைச் சிகிச்சை பேராக்கின் லூமுட்டில் உள்ள ராணுவ மருத்துவமனையில் உண்டு.

முக்குளிக்கப் போறீங்களா? இதைக் கவனியுங்கள்:

• "நம்ம கடல் சூடுதானே" என்று வெறும் டி-ஷர்ட்டில் இறங்க வேண்டாம். மெல்லிய வெட்சூட்டாவது போடுங்கள்.
• அதைப் படகில் வெயிலில் போட்டுக்கொண்டே உட்காராதீர்கள். வியர்வை ஆறாமல் உடல் சூடேறும்.
• போதுமான தண்ணீர் குடியுங்கள்.
• ஒரே நாளில் பல முறை மூழ்கினால் குளிர் சேர்ந்துகொண்டே போகும். இடையில் உடலைத் துடைத்து, உலர்ந்த உடைக்கு மாறுங்கள்.
• மேலே வந்தவுடன் கொதிக்கும் ஷவரில் நிற்க வேண்டாம். திடீர்ச் சூடு குமிழ்களைத் தூண்டலாம்.
• நடுக்கம் தொடங்கிவிட்டதா? ஜோடிக்குச் சைகை காட்டி, முறைப்படி மெதுவாக மேலே வாருங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று இழுக்காதீர்கள்.