மாங்குளத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில்

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தபோது எங்களில் பாதிப்பேர் பிறக்கவே இல்லை. போன லீவில் மன்னாரில் ஒரு வீட்டு விறாந்தையில் சேர்ந்திருந்து பார்த்தோம். முடிய எல்லாரும் அழுதோம். பிறகு சண்டை பிடித்தோம்.

கதை தெரிந்ததுதான். மாங்குளத்துப் பெண் ஷியாமா (நந்திதா தாஸ்). காயத்தோடு கணவன் காட்டுக்குள் மறைய, வயிற்றில் பிள்ளையோடு படகேறி இராமேஸ்வரம் முகாமுக்குப் போகிறாள். பிள்ளை பிறந்த கையோடு, அவன் உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள். அமுதா சென்னையில் வளர்ந்து, ஒன்பது வயதில் அம்மாவைத் தேடி வருகிறாள்.

மாங்குளம் ஏ9 வீதியில் இருக்கு. கடலே இல்லாத ஊர். அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குப் போக மேற்குப் பக்கம் வந்து, இந்தக் கரையில்தான் எங்கேயோ படகேறியிருப்பாள். படத்தில் அது சில நிமிசக் கடல். எங்கட ஊர் அந்த வெட்டுக்குள்ள விழுந்துபோச்சு. சண்டை அதைப் பற்றித்தான்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914இல் கப்பல் சேவை தொடங்குவதற்கு முன்பே, தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். கொலராவில் செத்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்த தாய்மாரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. பிறகு 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களில் பெரும்பாலானோர் இதே தலைமன்னாரில்தான் கப்பலேறினார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த மண்டபம் முகாம்தான் பின்னர் அகதி முகாமானது. சனத்தை எண்ணுவதற்கென்றே கட்டின இடம் போல.

1983 தொடக்கம் 1987 வரை ஒன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். எங்கட வீடுகளில் அந்தப் பயணத்தைக் கேட்டால் முதலில் வருவது தாலிக்கொடி: அதை விற்றுத்தான் படகுக் காசு. அடுத்தது மணல்திட்டு. ஓட்டி இருட்டில் இறக்கிவிட்டு இதுதான் இந்தியா என்று சொல்லிப்போட்டுப் போயிடுவான். விடிஞ்சால் சுற்றிவரத் தண்ணி. பிள்ளை அழுதால் நேவிக்குக் கேட்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு வந்ததை ஒரு அம்மம்மா எங்களுக்குச் சொன்னா. அதைச் சொல்லும்போதும் கையை வாயில் வைத்திருந்தா.

ஷியாமா திரும்பி வந்தது சினிமாத்தனம் என்று எங்களில் ஒருவன் சொன்னான். அப்படி இல்லை. 1992க்கும் 1995க்கும் இடையில் மட்டும் 50,000க்கு மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊருக்குப் போகமுடியாத பலர் இங்கேயே முகாம்களில் தங்கினார்கள். ஷியாமாவாவது தானாக வந்தாள்.

பாட்டுகளில் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. ரகுமானுக்கும் வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்தது. சனம் ஊரை விட்டு வெளிக்கிடும் பாட்டை எம். எஸ். விஸ்வநாதன் பாடும்போது விறாந்தையில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. ஆனால் படம் முழுக்கப் பிள்ளையின் பக்கம். கடைசியில் மழைக்குள் அமுதா கேள்வி மேல் கேள்வி கேட்க, ஷியாமாவால் ஒழுங்காக ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. நாடு அமைதியானால் பார்க்கலாம் என்பதுதான் அங்கே கிடைக்கிற ஒரே நம்பிக்கை. படம் வெளியானது 14 பெப்ரவரி 2002. எட்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. தியேட்டரில் அதைப் பார்த்த சனம் எவ்வளவு நம்பியிருக்கும்!

அமுதாவுக்குத் தத்தெடுக்க ஒரு வீடு கிடைத்தது. அவள் வயதில் அதே முகாம்களில் பிறந்த மற்றப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்ததால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. முகாம்களின் பெயரை 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். குடியுரிமைச் சட்டம் மாறவில்லை.

2022 மார்ச்சில், அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போன நேரம், அரிச்சல்முனைக்குப் பக்கத்து மணல்திட்டில் ஆறு பேரை இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டது. மூன்று பேர் பிள்ளைகள். அதில் ஒன்றுக்கு நாலு மாதம்.