பிழிதலும் புறுபுறுத்தலும்

வுப்பர்டாலின் தொங்கு ரயிலில் காலைக் கூட்டத்துக்குள் நெருக்கியடித்து ஏறுவதற்கும், வீட்டில் அவித்த உருளைக்கிழங்கை மசிப்பதற்கும் ஜேர்மன் மொழியில் ஒரே வினை போதும்: 'குவெட்ஷன்'. அழுத்துவது, நசுக்குவது என்று பொருள். ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருப்பதைக் குறிக்கும் 'குவெச்' என்ற ஆங்கிலச் சொல் இதன் உறவுக்காரன்.

இடையில் நின்றது இத்திஷ் மொழி. இடைக்கால ஜேர்மன் பேச்சோடு எபிரேயம் கலந்து உருவான அந்த மொழியை, துரத்தப்பட்ட யூதர்கள் கிழக்கே போலந்துவரை கொண்டுபோனார்கள். பிழிவதற்கான சொல் அவர்கள் வாயில்தான் முனகலுக்கும் முறைப்பாட்டுக்கும் உரியதாயிற்று. 1880களிலிருந்து லட்சக்கணக்கில் அமெரிக்கா போனவர்களோடு அதுவும் கப்பலேறியது. ஆங்கிலம் பிழிதலை விட்டுவிட்டுக் குறைசொல்லலை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஜேர்மனியிலோ குறைசொல்லல் குற்றமாகிக்கொண்டிருந்தது. 1934 மே மாதம் கோயபல்ஸ் 'மீஸ்மாகர்'களுக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கினார். எதிலும் குறை கண்டு மற்றவர் மனத்தையும் கெடுப்பவர்கள் என்று அர்த்தம். அதிலுள்ள 'மீஸ்' எபிரேயத்திலிருந்து இத்திஷ் வழியாக வந்த சொல். யூதரை வெறுத்தவருக்குத் திட்டுவதற்கு யூதரின் சொல்தான் அகப்பட்டது! அந்த மாத இறுதியில் இதே வுப்பர்டாலின் பார்மன் பகுதியில் கூடிய புரொட்டஸ்தாந்துத் திருச்சபையினர், திருச்சபைக்குள் அரசு தலையிடுவதை மறுத்து அறிக்கை வெளியிட்டார்கள். துணிச்சலான அறிக்கைதான், ஆனால் யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டிசம்பரில் வந்த சட்டம், ஆட்சியாளரை ஏளனமாகப் பேசுவதைத் தண்டனைக்குரியதாக்கியது.

1938 ஒக்டோபர் இறுதியில், போலந்துக் குடியுரிமை கொண்ட யூதர்கள் நாடெங்கும் பிடிக்கப்பட்டு எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த மாதம் எல்பர்பெல்ட், பார்மன் யூதத் தொழுகைக்கூடங்கள் இரண்டும் எரிந்தன. எல்பர்பெல்டில் 1869இல் பிறந்த கவிஞர் எல்ஸ லாஸ்கர்-ஷூலர் 1933இலேயே நாட்டை விட்டுப் போயிருந்தார்; 1945இல் ஜெருசலேமில் இறந்தார்.

தமிழிலும் பிழிதலுக்கும் துயரத்துக்கும் தொடர்புண்டு; பிழியப் பிழிய அழுகிறோம். ஆனால் வீட்டுக்குள் புறுபுறுப்பு, கந்தோரில் முறைப்பாடு என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறோம். ஜேர்மனியரின் 'பெஷ்வேர்ட'வோ பாரம் என்ற வேரிலிருந்து வந்தது. அலுவலகத்தில் அது முறைப்பாடு, வைத்தியரிடம் அதுவே உடல் உபாதை. 1980களில் அகதிகளாக வந்தவர்களுக்காக மொழிபெயர்க்கப் போன பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். 'பெஷ்வேர்டன்' ஏதும் உண்டா என்று வைத்தியர் கேட்பார். வழிநெடுக முழங்கால் நோவென்று புறுபுறுத்து வந்த அப்பா சொல்வார்: "ஒண்டுமில்லையெண்டு சொல்லு."