வட்டக்கானலின் மரமலர்கள்



கொடைக்கானலை அடுத்து வட்டக்கானல் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் பக்கத்திலுள்ள பாம்பார்ச் சோலையில், பாசி படர்ந்த கிளைகளின்மீது ஆர்க்கிட் செடிகள் பற்றி வாழ்கின்றன. பழனி மலையில் காணப்படும் சீலோஜைனி நெர்வோசா அவ்வினத்தது; பச்சைக் குமிழ்த்தண்டும் வெண்மலரும் உடையது.

நான் ஆசிரியனாக இருந்த நாளில் மாணவன் ஒருவன் அத்தகைய செடியொன்றைப் பெயர்த்து வந்தான். நான் அவனைத் தடுத்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாது, தொட்டியில் மண்ணிட்டு நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றச் செய்தேன். சில வாரங்களில் வேர் அழுகிச் செடி மடிந்தது.

என் பிழை புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர், வெப்பநாட்டுச் செடிகளுக்கெல்லாம் வெப்பமே வேண்டுமென்றெண்ணி, காற்றுப் புகாத கண்ணாடி மனைகளில் அடுப்பெரித்து இவற்றை வளர்த்தனர். எண்ணற்ற செடிகள் மாண்டன. 1830களில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் காற்றோட்டம் தந்தும், செடியின் பிறப்பிடத்துக்கேற்ப வெப்பத்தைக் குறைத்தும் வெற்றி கண்டார்.

காரணம் யாது? இச்செடி மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியன்று. மரம் அதற்கு இருக்கை மட்டுமே. வேரைச் சூழ்ந்த பஞ்சு போன்ற உறை மழைநீரை ஈர்த்துக்கொள்ளும். பின்னர்க் காற்றில் உலரும். மண்ணில் புதைத்தால் வேர் மூச்சுத் திணறும். ஆகவே மரப்பட்டைத் துண்டிலோ கரித்துண்டுகளிலோ பொருத்தி, இளநிழலில் வைத்து, வேர் உலர்ந்தபின் நீர் தெளித்தலே முறை. மழையற்ற மாதங்களில் நீரைக் குறைத்தல் வேண்டும்.

விதையின் கதையும் வியப்புக்குரியது. தூள் போன்ற அவ்விதையில் சேமித்த உணவு இல்லையென்றே சொல்லலாம். காட்டில் அது முளைக்க ஒருவகைப் பூஞ்சையின் துணை வேண்டுமென்பதைப் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின்றியே அதனை முளைக்கச் செய்தார். அதனால், காட்டைச் சூறையாடாமலே செடிகளைப் பெருக்க வழி பிறந்தது.

நம் மலையிலும் இக்கல்வி தழைத்தது. 1895இல் செண்பகனூரில் இயேசு சபையார் நிறுவிய திருஇருதயக் கல்லூரி, பின்னாளில் ஆர்க்கிட் மனைக்கும் புகழ்பெற்றது. அங்கு வாழ்ந்த ஆங்கிலாட் அடிகளார் இம்மலைச் செடிகளை வண்ண ஓவியங்களாக வரைந்து வைத்தார்.

ஆயினும், மனையில் காத்தால் மட்டும் போதுமா? சீகை மரமும் தைல மரமும் பரவியதால் மலையின் இயற்கை குலைந்தது. 2001இல் தோன்றிய வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை சோலை மரக்கன்றுகளை வளர்க்க முனைந்தது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பெற்றது. கிளை நின்றால்தான் மலர் நிற்கும்.

அன்று அம்மாணவனிடம் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்கிறேன்: சோலைக்குச் செல்லுங்கள்; அண்ணாந்து பாருங்கள்; வெறுங்கையோடு திரும்புங்கள்.