விவிலியப் பிரமாணமும் நாவலர் வாதமும்

ஒரு பொருளின் உண்மையைத் துணிதற்குக் கருவியாவது அளவை. காட்சி, கருதல், உரை என அளவை மூன்றெனக் கொள்வர் சைவ சித்தாந்திகள். கண்டும் கருதியும் அறிய மாட்டாத பொருளை உரையளவையால் அறிதல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஆதலின், ஒரு சமயத்தாரை நோக்கி, 'உமக்கு உரையளவையாவது யாது?' என வினவுதல் அச்சமயத்தின் அடித்தளத்தையே வினவுதலாகும். கிறிஸ்து சமயத்தாருள் புரட்டஸ்தாந்தர் இவ்வினாவுக்கு, 'விவிலியம் ஒன்றே' என விடையிறுப்பர். இவ்விடை 19ஆம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் எவ்வாறு எடுத்தாளப்பட்டது, நம்மவர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், அதனால் விளைந்த பயன் யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். வகுப்பிலே ஆறுமுக நாவலருடைய வசனநடையைப் படிப்பிக்குங்கால், 'விவிலியத்தை மொழிபெயர்க்கத் துணைநின்றவர் எங்ஙனம் சைவங் காத்தவர் ஆயினார்?' என மாணாக்கர் பலகாலும் வினவியதுண்டு. அவ்வினாவுக்கும் ஈண்டு விடை கிடைக்கும்.

மேனாட்டில் இக்கொள்கை வலுப்பெற்ற வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1521ஆம் ஆண்டில் வோம்ஸ் நகரத்துப் பேரவையின்முன் நிறுத்தப்பட்ட மாட்டின் லூதர், பாப்பரசரும் திருச்சபைச் சங்கங்களும் தவறக்கூடியோர் என்றும், வேதவாக்கியத்தாலேனும் தெளிந்த நியாயத்தாலேனும் பிழையென நிறுவினாலன்றித் தம் கொள்கையைத் தாம் கைவிடுவதற்கில்லை என்றும் நின்றார். உரோமன் கத்தோலிக்கரோ 1546இல் திரெந்து நகரத்துச் சங்கத்திலே, எழுதப்பட்ட வேதத்தோடு அப்போஸ்தலர் வழிவந்த மரபினையும் ஒப்ப மதிக்க வேண்டுமென விதித்தனர். நூலே நடுவர் என்றவர்க்கு ஒரு கடமை உடன்பிறந்தது. நடுவர் கூறுவது வழக்காளிகளுக்கு விளங்க வேண்டுமன்றோ? ஆதலின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டையும் 1534இல் முழு விவிலியத்தையும் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். அவர் வழிவந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியை அடைந்து, சில ஆண்டுகளுள்ளே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிற் கொணர்ந்தமையும் இக்கடமை பற்றியே. அந்நூற்றாண்டிலேயே பெப்ரீசியஸ் என்பார் விவிலியத்தை மீண்டும் தமிழாக்கினார். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த ஈழத்திலும் 1759இல் பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொழும்பிலே வெளிவந்தது.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் வெஸ்லியன் மிஷனார் 1814இலும், அமெரிக்க மிஷனார் 1816இலும், சேர்ச் மிஷனார் 1818இலும் இந்நாட்டில் தத்தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி தோன்றிற்று. 1841இல் 'உதயதாரகை'ப் பத்திரிகை எழுந்தது. பள்ளிக்கூடமும் அச்சுப்பொறியும் துண்டுப்பிரசுரமும் ஊர்தோறும் அந்நூலின் ஆணையைக் கொண்டுசென்றன. சைவர் கோயிலும் திருவுருவமும் விழாவும் அவ்வாணைக்கு மாறானவை என்பதே பாதிரிமார் பிரசங்கத்தின் பெரும் பகுதி.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி வேண்டப்படும். அந்நூலுக்குத் தமிழில் வழங்கிய பெயர் 'வேதம்', 'வேதாகமம்' என்பன. அதன் முற்பகுதிகளும் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம் எனப் பெயர்பெற்றன. வேதத்தைப் பொது நூலாகவும் சிவாகமத்தைச் சிறப்பு நூலாகவும் கொள்வது சைவ மரபு. அவ்விரு பெயரையும் விவிலியத்துக்குச் சூட்டியமை மொழிபெயர்ப்பாளரின் வசதிக்காக மட்டும் நிகழ்ந்ததன்று. தமிழர் உள்ளத்திலே பிரமாண நூலுக்கு உரிய இருக்கையில் அந்நூலை அமர்த்தும் செயலாகவும் அஃது அமைந்தது. வேதாகமம் என்னும் சொல்லைக் கேட்ட தமிழன், அதனுள்ளே கோயில் விதியும் கிரியை விதியும் தேடுவது இயல்பேயாம். பின்னர் நிகழ்ந்த வாதத்திற்கு இப்பெயரே ஒரு வித்து எனலாம்.

நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிறந்த ஆறுமுகம்பிள்ளை, யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராயினார். அதன் தலைவராகிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் திருத்தமான தமிழிற் பெயர்க்கும் பெருவேலையை மேற்கொண்டபொழுது, இவ்விளைஞரைத் துணைக்கொண்டார். முழுவதையும் நாவலரே மொழிபெயர்த்தார் என நம்மவருட் சிலர் கூறுவது மிகை. வேலைக்குப் பொறுப்பாயிருந்தவர் பேர்சிவலே. தமிழ் வாக்கியங்களைச் செப்பஞ்செய்வதில் நாவலர் பங்கு பெரிது எனல் பொருந்தும். அம்மொழிபெயர்ப்பு சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வித்துவான் மகாலிங்கையரால் நன்றென மதிக்கப்பட்டது என நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். இத்துணைக் காலமும் நாவலர் சைவ அநுட்டானம் வழுவாதவராகவே இருந்தார். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் மிஷன் உத்தியோகத்தை விட்டு, சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

பேர்சிவல் மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அதன் கதி நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. முடிவானதன்று, பரீட்சித்துப் பார்த்தற்குரியது என்னும் கருத்துடைய பெயரே அதற்கு இடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்த மிஷனார் பலர் அதனை ஏற்றிலர். பெப்ரீசியஸ் முதலியோருடைய வாசகத்தைத் தலைமுறை தலைமுறையாக ஓதிப் பழகிய சபையார்க்கு அதினின்றும் விலகிய புதிய வாசகம் உவப்பாயில்லை. பின்னர் பவர் பாதிரியார் தலைமையிற் குழுவொன்று கூடித் திருத்திய பதிப்பே 1871இல் வெளிவந்து, புரட்டஸ்தாந்த சபைகளில் நெடுங்காலம் நிலைத்தது. கடவுளைக் குறிக்கப் பெப்ரீசியஸ் வழங்கிய 'பராபரன்' என்னுஞ் சொல்லை விடுத்து, அப்பதிப்புத் 'தேவன்' என்னுஞ் சொல்லைக் கொண்டது. இவற்றால் அறியக்கிடப்பது யாது? மரபு வேண்டா, நூலே போதும் என்றோரிடத்தும், நூலின் எச்சொல்லை ஏற்பது என்னும் இடத்தில் மரபு புகுந்து தீர்ப்புக் கூறிற்று. பிரமாண நூல் தானே பேசுவதில்லை. அதனைப் பேசுவிப்போர் வேண்டும்.

இவ்வுண்மையை நாவலர் மொழிபெயர்ப்பு மேசையின் அருகிலிருந்தே கண்டவர். 1854இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூல் இக்காட்சியின் பயன் என்க. பாதிரிமாரை நோக்கி, 'உங்கள் நூல் பொய்' என வாளா கூறுதல் எளிது. ஆயின் அதனால் வாதம் ஒருபடியும் நகராது. நாவலர் அவ்வழிச் செல்லாது, 'உங்கள் நூலே பிரமாணமாகுக. அதனையே விரித்துப் பார்ப்போம்' என்னும் வழியை மேற்கொண்டார். சைவக் கிரியைகளை நிந்தித்தோருக்கு, அவற்றோடு ஒப்பன அவர் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டினார். பிறர் மதத்தை அவர் கொண்ட நூல் வழியே நின்று ஆராய்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே அருணந்தி சிவாசாரியார், பிறர் மதங்களை முன்னர் அவரவர் கூறுமாறு கூறிப் பின்னரே மறுத்தார். நாவலர் அம்மரபினர்.

இவ்வாதத்தின் வலிமையை அறிய விரும்புவோர் பழைய ஏற்பாட்டைத் தாமே திறந்து பார்க்கலாம். ஆதியாகமம் 28ஆம் அதிகாரத்திலே யாக்கோபு கல்லொன்றை நிறுத்தி அதன்மேல் எண்ணெய் வார்க்கிறான். யாத்திராகமம் 3ஆம் அதிகாரத்திலே புனித நிலத்தில் மோசே பாதரட்சையைக் களையுமாறு பணிக்கப்படுகிறான். அவ்வாகமத்திலேயே விளக்கேற்றும் விதியும், தூபங்காட்டும் பீடமும், ஆசாரியர் கைகால் கழுவிப் புகும் நியமமும் கூறப்படுகின்றன. எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்திலே சாம்பர் கலந்த நீரால் தீட்டு நீக்கும் முறை உளது. சாலோமோன் ஆலயப் பிரதிட்டை செய்த வரலாறும் விரிவாக உளது. இவற்றைக் கடவுள் விதி எனப் போற்றுவோர், சைவர்பாற் காணும் தீபத்தையும் தூபத்தையும் அபிஷேகத்தையும் அஞ்ஞானம் என இகழ்தல் எவ்வாறு பொருந்தும்?

பாதிரிமார்க்கு இதற்கு விடை இல்லாமற் போகவில்லை. அதனையும் நடுநிலையிற் கூறுதல் வரலாற்றாசிரியன் கடன். அக்கிரியைகள் இஸ்ரவேலர்க்கு ஒரு காலத்து விதிக்கப்பட்ட நிழல்கள் என்றும், கிறிஸ்துவின் பலியால் அவை நிறைவெய்தி ஒழிந்தன என்றும் எபிரெயர் நிருபத்தைக் காட்டி அவர் உரைப்பர். திருவுருவ வழிபாட்டை விலக்கும் கட்டளையும் அவ்வாகமத்திலேயே உளது. ஆயினும், நூலின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியால் அடக்கிப் பொருள் கொள்ளும் இம்முறை வியாக்கியானம் அன்றோ? வியாக்கியானத்துக்கு இடங்கொடுத்த பின், சைவர் தம் நூல்களுக்குத் தம் ஆசாரியர் வழியிற் பொருள் கொள்வதை மட்டும் மறுத்தல் ஒண்ணாது. இந்த இடத்தில் இருதிறத்தாரும் ஒரே தளத்தில் வந்து நின்றனர். நாவலர் நூலிற் காணப்பட்ட விவிலியப் பயிற்சியை வெஸ்லியன் மிஷனாரே வியந்தனர் என்பது அவ்வாதத்தின் தரத்துக்குச் சான்று.

இனி, இவ்வாதத்தால் சைவர்பால் விளைந்த மாற்றத்தைக் காண்பாம். பிறரை அவர் நூலால் அளந்தவர், தம்மவரைத் தம் நூலால் அளவாது விடுதல் நீதியன்று. நாவலர் அதனையுஞ் செய்தார். அச்சுப்பொறி வாங்கிச் சைவ நூல்களைப் பிழையறப் பதிப்பித்தார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். சிறுவர்க்குப் பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் எழுதினார். தம் ஊராகிய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்தவற்றுள் ஆகமத்துக்கு மாறானவற்றையும் அஞ்சாது கண்டித்தார். அதனால் தம்மவருள்ளேயே அவர்க்குப் பகைவர் தோன்றினர். ஏட்டுச் சுவடியாய்க் கற்றோர் சிலரிடத்து இருந்த பிரமாணம், அச்சு நூலாய்ப் பலர் கைக்கு வந்தது. அதேவேளை, எந்நூலிலும் எழுதப்படாத கிராமத்து வழிபாடுகள் பல இழிந்தனவாக எண்ணப்படலாயின. தந்தை தாயர் வழியாக வந்த பத்திக்கும் ஏட்டில் விதி காட்ட வேண்டிய நிலை உண்டாயிற்று. இதனை முழு ஊதியம் என்றலும் முழு இழப்பு என்றலும் ஆகாது.

நாவலர் 1879இல் மறைந்தார். அவர் இட்ட வித்தின் விளைவாக 1888இல் சைவ பரிபாலன சபையும், 1890இல் இந்துக் கல்லூரியும் யாழ்ப்பாணத்தில் எழுந்தன. கிறிஸ்தவ உலகமும் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வேதமும் மரபும் ஒரே ஊற்றினின்று பெருகுவன என விளக்கிற்று. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கூடி உழைத்த 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்தது. அதிலே பராபரனுமின்றித் தேவனுமின்றிக் 'கடவுள்' என்னுஞ் சொல்லே ஆளப்பட்டுள்ளது.

மாணாக்கர் வினாவுக்கு இனி விடை கூறலாம். நாவலர் விவிலியத்துக்குத் துணைநின்றமையும் சைவங் காத்தமையும் முரண்பட்ட இரு செயல்கள் அல்ல. முன்னது இல்லையேற் பின்னது இத்துணைச் செவ்விதின் நிகழ்ந்திராது. பிறர் நூலை வாக்கியந்தோறும் நிறுத்துக் கற்றமையாலேயே அதனை மதித்து வாதிக்கவும், அதன் வரம்பைக் காட்டவும் அவர் வல்லவராயினார். பிறர் சமயத்தைக் குறைகூறப் புகும் இளைஞர், முதற்கண் அவர் நூலை அவர் கற்குமாறு கற்க. பின்னர்த் தம் நூலையும் அவ்வளவு கூர்மையோடு கற்க. இவ்விரண்டும் செய்தபின் குறைகூற எஞ்சுவது எவ்வளவு என்பதை அவரே அறிவர்.