திருகோணமலையும் மலேரியாவும்: பிறநாட்டுதவி பற்றியதொரு வரலாற்று நோக்கு

திருகோணமலையை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வழியாகவே நோக்கியுள்ளனர். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எவர் வந்தனர், எவர் சென்றனர் என்பதே அவர்தம் கவலை. துறைமுகத்துக்குப் புறத்தே மூதூர், வெருகல், கந்தளாய் ஆகிய இடங்களின் உழவரை விட்டு நீங்காதிருந்த ஆட்சியோ மலேரியாக் காய்ச்சலின் ஆட்சியாகும். 1934-35 இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்த கொள்ளைநோய் ஈரவலயத்தையும் அதனை அடுத்த பகுதிகளையுமே பெரிதும் தாக்கியது. அதனால் அது வரலாறாயிற்று. உலர்வலயத்திலே ஆண்டுதோறும் நிகழ்ந்த இறப்புகள் அவ்வாறு பேசப்படவில்லை.

இரண்டாம் உலகப் போரிற் படையினரைக் காக்கப் பயன்பட்ட டி.டி.ரி. மருந்து, போரின் முடிவையொட்டி இலங்கைக் குடிமனைகளிலும் தெளிக்கப்படலாயிற்று. 1946 இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம் மறு ஆண்டில் 14 ஆகக் குறைந்தது. இதனை முற்றும் மருந்தின் வெற்றியெனக் கொள்வாருளர். ஆயின் மலேரியா அரிதாயிருந்த மாவட்டங்களிலும் இறப்பு வீழ்ந்தமை ஈண்டு நோக்கற்பாலது. உணவு, வைத்திய வசதி ஆகியவற்றின் பங்கினை எஸ். ஏ. மீகம போன்றோர் எடுத்துக்காட்டியமை பொருத்தமே. எனினும் திருகோணமலை போன்ற மாவட்டங்களில் மருந்தின் பயன் பெரிதென்பதை மறுத்தற்கில்லை.

உலக சுகாதார தாபனத்தின் ஒழிப்புத் திட்டத்தில் இலங்கை 1958 இல் இணைந்தது. 1963 இல் நாடெங்கும் பதிவான நோயாளர் 17 பேரே. உடனே தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69 இல் நோயாளர் தொகை பல இலட்சமாயிற்று. உதவித் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, நுளம்புக்கு அஃதில்லை. நுளம்பு டி.டி.ரி.யை எதிர்த்து நிற்கும் ஆற்றல் பெறவே, 1977 முதல் விலைகூடிய மலத்தியோன் வேண்டியதாயிற்று. அதற்கும் பிறநாட்டுப் பணமே நாடப்பட்டது.

போர்க்காலத்தில், 1999 இல், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அந்நிலையிலும் மலேரியாத் தடுப்பு இயக்க ஊழியர் வடக்கிலும் கிழக்கிலும் பணியைக் கைவிடவில்லை. 2003 முதல் உலக நிதியத்தின் உதவி கிடைத்தபோது, நுளம்பு வலைகளை ஊர்தோறும் சேர்ப்பிக்கவும் இரத்தம் சோதிக்கவும் ஆட்கள் இருந்தனர். பணம் பயன்பட்டதற்குக் காரணம் இதுவே என்பது எம் கருத்து. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பின் மலேரியா பெருகுமெனப் பலர் அஞ்சினர். 2005 இல் நோயாளர் தொகை முன்னைய ஆண்டிலும் குறைந்தது.

இலங்கையில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரிற் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் சான்று வழங்கியது. நோயைக் காவும் நுளம்பு அழியவில்லை; பிறநாடுகளிலிருந்து நோயுடன் வருவோரும் உளர். ஆதலின் இரத்தப் பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது.