எய்டு உண்டா?

1970களிலும் 1980களிலும் மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து வீடுகளில் மாசி பிறந்ததிலிருந்து சித்திரை முடியும் வரை தபால்காரருக்குத் தனி மரியாதை இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் உறையைக் கையில் வாங்கும்போதே முடிவு தெரிந்துவிடும். மெலிந்த உறை என்றால் வருத்தம் தெரிவிக்கும் ஒற்றைத் தாள். தடித்த உறை என்றால் இடம் கிடைத்துவிட்டது. உள்ளே நிரப்பி அனுப்ப வேண்டிய படிவங்கள் இருக்கும். ஆனால் தடித்த உறையோடு கதை முடிந்ததில்லை. அடுத்த வீட்டார் உடனே கேட்பார்கள்: "எய்டு உண்டா?" எய்டு இல்லாத அட்மிஷன் மாப்பிள்ளை பெயர் போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த எய்டு யாருடைய பணம்? எதற்காக அங்கே ஒருவர், முகம் தெரியாத ஒரு சென்னைப் பையனுக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் சம்பளமும் தந்து கணினியியல் படிக்க வைத்தார்? புலம்பெயர்வைப் பற்றித் தமிழில் கதைகள் நிறைய வந்திருக்கின்றன. அந்தப் பயணத்துக்குக் கூலி கொடுத்தவரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை என்பது நம் குறை.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கணினியியல் என்ற துறைக்கே அன்று வயது குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953இல் எண்முறைப் பகுப்பாய்வும் தானியங்கிக் கணிப்பும் சேர்ந்த ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1962இல் இதற்கெனத் தனித் துறை கண்டது; ஸ்டான்ஃபோர்டு 1965இல். அந்த 1965இல்தான் கணினியியலில் முதல் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டன. பெற்றவர்களுள் ஒருவர், விஸ்கான்சினில் ஆய்வு செய்த மேரி கென்னத் கெல்லர் என்னும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. ஆகவே 1960களில் விண்ணப்பித்தவர்கள் தாங்கள் படிக்காத ஒன்றைப் படிக்க விண்ணப்பித்தார்கள். கையில் இருந்தது மின்பொறியியலோ கணிதமோ, சில வேளை கட்டடப் பொறியியலோதான்.

பணத்துக்கு வருவோம். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதும் அமெரிக்காவுக்கு உறக்கம் போயிற்று. அடுத்த ஆண்டே இரண்டு காரியங்கள் நடந்தன. தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்புத் துறைக்குள் ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி முகமை உருவானது. 1962இல் அந்த முகமையின் தகவல் செயலாக்க அலுவலகத்துக்கு ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற உளவியலாளர் தலைவராக வந்தார். தான் நம்பிய ஒரு சில ஆய்வுக்கூடங்களுக்குப் பெருந்தொகைகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுத்தார். எம்.ஐ.டி.யில் 1963இல் பிறந்த 'புராஜெக்ட் மாக்' அப்படி வந்தது. கார்னெகியும் ஸ்டான்ஃபோர்டும் அதே ஊற்றில் குடித்தவைதாம்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. நம் பார்வையில் இந்த வரலாற்றின் அச்சாணி அதுதான். அமெரிக்க அரசு மாணவர் பெயரிலேயே நேரடியாகத் தந்த ஃபெல்லோஷிப்புகள் பெரும்பாலும் அந்நாட்டாருக்கு உரியவை. அயல்நாட்டு மாணவர் அதற்கு மனுப் போடவே முடியாது. ஆனால் அதே அரசு பேராசிரியருக்கு ஆய்வு மானியமாகத் தந்த பணத்தில் யாரை ஆய்வு உதவியாளராக வைத்துக்கொள்வது என்பது, இரகசிய ஆய்வுகள் நீங்கலாக, பெரும்பாலும் அவர் விருப்பம். முன்வாசல் அடைத்திருந்தது, கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தது. நம்மவர்கள் உள்ளே போனது அந்தக் கதவு வழியாக. ஆர்.ஏ. என்ற இரண்டெழுத்து அது.

மற்றோர் இரண்டெழுத்து டி.ஏ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை 1960களின் நடுவில் கல்லூரி வாசலுக்கு வந்து நின்றது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வகுப்புகள் நிரம்பி வழிந்தன. விடைத்தாள் திருத்தவும், துளையட்டையில் நிரல் எழுதத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். பட்டமேற்படிப்பு மாணவர்தாம் மலிவான ஆட்கள். கட்டணத் தள்ளுபடியும் வாரத்துக்கு இருபது மணி நேர வேலைக்குச் சம்பளமும் என்ற ஏற்பாடு இவ்வாறு நிலைபெற்றது. அதைத் தர்மம் என்று நினைத்து நெகிழ்ந்தவர்களும் உண்டு. அது கூலி, நியாயமான கூலி என்றுகூடச் சொல்ல மாட்டோம்.

இந்தக் கதவு திறந்த வேளையில் சரியாக அங்கே போய் நின்றவர் ராஜ் ரெட்டி. 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவரே. 1958இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கிருந்து நேரே கலிபோர்னியாவுக்குப் போய்விடவில்லை. சிட்னியில் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, கணினியைக் கண்ணால் கண்டதும் அங்கேதான். பிறகு 1960 முதல் மூன்றாண்டுகள் ஆஸ்திரேலிய ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் மாணவராகச் சேர்ந்தபோது அவர் கணினியோடு பழகிய கை. 1966இல் பேச்சை இயந்திரம் புரிந்துகொள்வது பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். 1994இல் எட்வர்ட் ஃபெய்கன்பாமோடு டூரிங் விருது. ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவருக்கு அது முதன்முறை.

கிண்டியில் படித்தவர் டூரிங் விருது பெற்றார் என்று நாம் பெருமை பேசுகிறோம், பேசலாம். ஆனால் கிண்டிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் இடையில் ஐந்தாண்டுகள் இருந்தன என்பதும், அந்த ஐந்தாண்டுகளின் சம்பளமும் அனுபவமும் அவருடைய விண்ணப்பத்தின் பாதி என்பதும் பேசப்படுவதில்லை.

மற்றவர்களுக்கு அப்படி ஒரு சிட்னி வாய்க்கவில்லை. அவர்கள் முதலில் மோதியது டாலரோடு. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. அதைவிடப் பெரிய தடை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. சட்டைப்பையில் எட்டு டாலரோடு விமானம் ஏறினோம் என்று அந்தத் தலைமுறையினர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சில மாமாக்கள் சொல்லக் கேட்டு அலுத்தும் போயிருக்கிறோம். அது மிகையன்று; அன்றைய விதி பயணிக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான். விண்ணப்பக் கட்டணத்துக்கு டாலரில் வரைவோலை எடுப்பதே ஒரு வேள்வி. ஆகவே பலர் முதலில் நீலநிற ஏர்மெயில் தாளில் ஒரு கடிதம் எழுதினார்கள்: எங்கள் நாட்டுச் செலாவணி நிலைமை இப்படி, கட்டணத்தைத் தள்ளிவைக்க இயலுமா? இயலும் என்று பதில் போட்ட பல்கலைக்கழகங்கள்தாம் அவர்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்கள். எங்கே எந்த ஆய்வு நடக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எய்டு இல்லையென்றால் போகவே முடியாது என்ற நிலையும் இதனால்தான். அப்பாவிடம் ரூபாய் இருந்தாலும் அதை டாலராக்க வழி இல்லை.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். கான்பூர் ஐ.ஐ.டி.யை 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து வளர்த்தன. 1963இலேயே அங்கே ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியது. எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், பெர்க்லி, கார்னெகி, பர்டூ ஆகியவற்றின் ஆசிரியர்கள் அங்கே வந்து கற்பித்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பி, "இவன் என் வகுப்பில் இருந்தவன்" என்று சொன்னால் அதற்கு எடை இருந்தது. மதுரையிலோ கோவையிலோ ஒரு நல்ல ஆசிரியர் எவ்வளவு மனமுவந்து எழுதினாலும் அந்த எடை வராது. எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜெர்மன் உதவியில் ஐ.பி.எம். 370 வந்தது 1973இல். அதுவரை தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு நோக்க அறிக்கையில் எழுத ஆசை மட்டுமே இருந்தது.

பி.எஸ்ஸி. படித்தவர் நிலை இன்னும் மோசம். பதினாறு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்பது பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணக்கு. நம் மூன்றாண்டுப் பட்டம் அதில் ஒன்று குறைந்தது. கணிதத்தில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவரும் எம்.எஸ்ஸி.யோ, பிற்காலத்தில் எம்.சி.ஏ.வோ முடித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க முடிந்தது.

இந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்தது என்று சொல்லத்தக்கது ஜி.ஆர்.ஈ. தேர்வு. ஹார்வர்டு முதலிய நான்கு பல்கலைக்கழகங்களில் 1936இல் சோதனையாகத் தொடங்கியது. திருநெல்வேலிக்காரர் எடுக்கும் எண்ணும் கான்பூர்க்காரர் எடுக்கும் எண்ணும் ஒரே அளவுகோலில் அமைந்தன. கணிதப் பகுதியில் நம்மவர்கள் சளைத்ததில்லை. சொற்பகுதிதான் இடறியது. 2011இல் தேர்வு மாறும் வரை எதிர்ச்சொற்களும் சொல்லிணைகளும் உண்டு. நம் இலக்கிய நண்பர்கள் சிலரின் ஆங்கிலச் சொல்வளம் டிக்கன்ஸ் தந்தது என்று நாம் நெடுங்காலம் நம்பினோம். பாரன்ஸ் பட்டியல் தந்தது என்று பின்னர்தான் ஒப்புக்கொண்டார்கள். கணினியியலுக்கென்றே இருந்த ஜி.ஆர்.ஈ. பாடத் தேர்வு 2013இல் நிறுத்தப்பட்டது.

இத்தனையும் தாண்டியவர்களுக்கும் விமானச் சீட்டு மிச்சம் இருந்தது. 1990களில் சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டு போக, அவருடைய தந்தை ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்தைச் சீட்டுக்குக் கொடுத்தார் என்பதை 2020இல் அவரே சொல்லியிருக்கிறார். அவர் அங்கே படித்தது கணினியியல் அன்று, பொருளறிவியல். கணக்கு ஒன்றுதான்.

கடன் வாங்கிப் படிப்பது புதிதன்று. ஜே.என். டாட்டா 1892இல் தொடங்கிய அறக்கட்டளை தந்ததே கடன் உதவித்தொகைதான், கே.ஆர். நாராயணன் 1945இல் லண்டன் போனது அதைக்கொண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசு 1954-55இல் தொடங்கிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. நாடு முழுவதற்குமாக நெடுங்காலம் சில பத்து இடங்களுக்கு மேல் அதில் இல்லை. இவை விதிவிலக்குகள். கடன் என்பது பொதுவழி ஆனது 2001க்குப் பிறகு. அவ்வாண்டு வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்ச ரூபாய் வரை கிடைத்தது. 4 லட்சத்துக்கு மேல் போனால் அன்று பிணை வேண்டியிருந்தது. 2004இல் ரிசர்வ் வங்கி தனிமனிதர் பணம் அனுப்பும் விதிகளையும் தளர்த்தியது. டாலரில்லாத காலம் முடிந்தது.

அங்கேயும் காற்று திசை மாறியிருந்தது. முனைவர் பட்ட மாணவருக்கு ஆர்.ஏ. தொடர்ந்தது, முதுகலைப் படிப்போ பல துறைகளுக்கு வருமானம் தரும் வழியாயிற்று. எய்டுக்காகப் பி.எச்டி.க்கு விண்ணப்பித்து எம்.எஸ்.ஸோடு இறங்கிக்கொள்வது என்ற தந்திரம் எல்லோரும் அறிந்த இரகசியமாக இருந்தது. அதற்கும் பேராசிரியர்கள் விழித்துக்கொண்டார்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். எல்லா நாட்டாரிலும் அதிகம். அவர்களில் பெரும்பான்மையோர் பட்டமேற்படிப்பினர். எய்டு என்ற சொல் அவர்கள் வீடுகளில் அதிகம் புழங்குவதாகத் தெரியவில்லை. "லோன் ஆகிவிட்டதா?" என்பதே கேள்வி.

எது நியாயமான காலம் என்று நமக்குள் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். எய்டு காலத்தில் போனவர் கடனில்லாமல் போனார். ஆனால் அந்தக் கதவு சில கல்லூரிகளுக்கும், அவற்றை எட்டக்கூடிய சில வீடுகளுக்கும்தான் தெரிந்திருந்தது. கடன் காலத்தில் ஈரோட்டுக்கும் விருதுநகருக்கும் பக்கத்திலுள்ள தனியார் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், பெண்கள் உட்பட, போகிறார்கள். தோற்றால் இழப்பு அவர்களுடையது மட்டுமன்று. 2001இலும் 2008இலும் அமெரிக்காவில் வேலைகள் மறைந்தபோது, டாலரில் அடைக்கலாம் என்று வாங்கிய கடனுக்கு ரூபாயில் தவணை கட்டிய பெற்றோரை நாம் அறிவோம். எங்களில் இருவர் முதற்காலத்தின் பக்கம் நின்றார்கள், மற்றவர்கள் இரண்டாம் காலத்தின் பக்கம். முதற்காலத்துக்காக வாதிட்ட இருவரும் எய்டு வாங்கிப் படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாதம் முடிந்த மறுவாரம் நம் நண்பர் ஒருவர் தம் மகளுக்காக வங்கியில் கொடுக்கவிருந்த கோப்பைக் காட்டினார். மேலே பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவம். அதற்கடியில் மதிப்பெண் பட்டியல்கள், ஜி.ஆர்.ஈ. தாள். அதற்கும் அடியில் வில்லங்கச் சான்று, பட்டா நகல், அவருடைய தாத்தா பெயரில் இருந்த தாய்ப்பத்திரம். பத்திரத்தின் மடிப்புகள் கிழிந்துவிடாமல் பின்புறம் மெல்லிய துணி ஒட்டியிருந்தார்கள்.